‘ஆசிரியர் முடிவே இறுதியானது’

வார இதழ்களின் குறுக்கெழுத்துக் கட்டங்களை நிரப்பி அனுப்பிய தலைமுறைக்கு, அவற்றின் அடியில் பொடி எழுத்தில் அச்சாகும் விதிகள் ஏறக்குறைய மனப்பாடம். எங்களிடம் உள்ள விடையோடு பொருந்துவதே சரியான விடை. கடிதப் போக்குவரத்து கிடையாது. ஆசிரியர் முடிவே இறுதியானது. இந்த மூன்று வாக்கியங்களையும் யாரும் உரைநடைச் சாதனையாகக் கருதியதில்லை. ஆயினும் இந்திய அரசியல் சட்ட வரலாற்றில் இவற்றுக்கு ஓர் இடம் உண்டு. 1957 ஏப்ரல் 9 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய இரண்டு தீர்ப்புகள் இப்படிப்பட்ட விதிகளைச் சுற்றி அமைந்தவைதாம்.

வழக்கின் கதை எளியது. ‘ஸ்போர்ட்டிங் ஸ்டார்’ என்ற ஆங்கில வார இதழ் பெங்களூரில், அதாவது அன்றைய மைசூர் மாநிலத்தில், அச்சாகி வந்தது. ‘ஆர்.எம்.டி.சி. கிராஸ்வேர்ட்ஸ்’ என்ற பரிசுப் போட்டி அதன் வழியாகவே நடந்தது. இதழுக்குப் பம்பாய் மாநிலத்திலும் நிறைய வாசகர்கள். அங்கேயே நுழைவுப் படிவங்களையும் கட்டணத்தையும் திரட்டும் ஏற்பாடும் இருந்தது. பரிசுப் போட்டிகளுக்கு உரிமமும் வரியும் விதித்த 1948-ஆம் ஆண்டுப் பம்பாய்ச் சட்டம், 1952-இல் திருத்தப்பட்டு, வெளியே அச்சாகும் இதழ்களையும் வளைத்துக்கொண்டது. போட்டி நடத்தியவர்கள் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் வென்றார்கள். மாநில அரசு மேல்முறையீட்டுக்குப் போயிற்று. இதற்கிடையில் சென்னை உள்ளிட்ட பல மாநிலச் சட்டமன்றங்கள் நிறைவேற்றிய தீர்மானங்களின் பேரில் 1955-இல் நாடாளுமன்றமே பரிசுப் போட்டிகள் சட்டத்தை இயற்றிவிட்டது. அதை எதிர்த்தும் வழக்கு எழுந்தது.

போட்டி நடத்தியவர்களின் வாதம் கவர்ச்சியானது: குறுக்கெழுத்து மொழியறிவைச் சோதிப்பது, அறிவுக்குத் தரும் பரிசு சூதாட்டம் ஆகுமா?

முதல் வழக்கில் தீர்ப்பெழுதிய தலைமை நீதிபதி எஸ்.ஆர். தாஸ் இதற்கு விடை தேடிப் போனது போட்டியின் விதிகளுக்குள். இந்த வகைக் குறுக்கெழுத்தின் சூட்சுமத்தைத் தமிழிலேயே காட்டலாம். ‘வீரன் இதற்கு அஞ்சமாட்டான்’ என்பது குறிப்பு. கட்டத்தில் ‘டி’ மட்டும் அச்சாகியிருக்கிறது. ‘அடி’யும் பொருந்தும், ‘இடி’யும் பொருந்தும். எது சிறந்த சொல் என்று வாசகர் எவ்வளவு யோசித்தாலும் பயனில்லை. போட்டி நடத்துபவர் முன்கூட்டியே எழுதிவைத்துவிட்ட விடை எதுவோ அதுவே சரியான விடை. அகராதி இங்கே உதவாது. பத்துக் குறிப்புகளில் இப்படி இரண்டிரண்டு வாய்ப்பு இருந்தால் மொத்தம் 1024 வகை விடைகள். எனவே ஒருவரே பல படிவங்களை நிரப்பி, ஒவ்வொன்றுக்கும் கட்டணம் செலுத்தத் தூண்டப்படுகிறார். இங்கிலாந்தில் 1930-களில் ஓடம்ஸ் பிரஸ் நிறுவனத்தின் போட்டி குறித்து நடந்த வழக்கில், மறைத்துவைத்த குறியை நோக்கிக் குருட்டாம்போக்கில் எய்வதற்குக் காசு வாங்குகிறார்கள் என்ற பொருளில் நீதிபதி ஒருவர் சொல்லியிருந்தார். தாஸ் அதையும் துணைக்கு அழைத்துக்கொண்டார். மொழியறிவை வேண்டாததாக்கியது அந்த ஒற்றை விதிதான்.

அதோடு அவர் நிற்கவில்லை. ரிக் வேதத்தின் சூதாடியின் பாடல், பாண்டவர் பட்ட பாடு, சூதை அறவே விலக்கிய மனு, அதை அரசின் கட்டுப்பாட்டில் வைக்க விரும்பிய யாக்ஞவல்கியர், அதிலிருந்து வருவாய் வந்தால் வேண்டாமென்று சொல்லாத கௌடில்யர் என்று தீர்ப்பு ஒரு சிறு இலக்கியச் சுற்றுலாவே போய்வருகிறது. சூதாட்டம் வணிகமே ஆகாது, எனவே தொழில் செய்யும் அடிப்படை உரிமையின் பாதுகாப்பு அதற்கு இல்லை என்பது முடிவு. (வேதத்தையும் பாரதத்தையும் காட்டி ஓர் உரிமையின் எல்லையை வரைவது எனக்கு அவ்வளவு உவப்பானதில்லை. விதிகளைப் படித்துக்காட்டிய பக்கங்களே போதுமானவை.)

இரண்டாவது தீர்ப்பை எழுதியவர் டி.எல். வெங்கடராம ஐயர். இசை வாசகர்களுக்கு அவரை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. அம்பி தீட்சிதரிடம் முத்துசுவாமி தீட்சிதரின் கீர்த்தனைகளைக் கற்றவர், டி.கே. பட்டம்மாளுக்கு அவற்றைக் கற்பித்தவர். 1944-இல் சங்கீத கலாநிதி. ராகத்தின் பெயரைச் சாகித்தியத்தின் சொற்களுக்குள் பொதிந்துவைக்கும் கீர்த்தனைகளில் தோய்ந்த ஒருவர் முன் சொற்புதிர் வழக்கு வந்துசேர்ந்ததை எண்ணினால் புன்னகை வருகிறது.

அவர் முன்னிருந்த சிக்கல் நுட்பமானது. 1955-ஆம் ஆண்டுச் சட்டம், எழுத்துகளையோ சொற்களையோ எண்களையோ அடுக்கியும் சேர்த்தும் விடை காணும் எல்லாப் புதிர்ப் போட்டிகளையும் ஒரே வலையில் பிடித்தது. ஒரு மாதத்தில் மொத்தப் பரிசு 1000 ரூபாயைத் தாண்டக் கூடாது, நுழைவுகள் 2000-ஐத் தாண்டக் கூடாது, உரிமம் வேண்டும், கணக்கு வைக்க வேண்டும். உண்மையான திறமைப் போட்டிகளையும் சூதையும் பிரிக்காத சட்டம் முழுவதும் செல்லாது என்றார்கள் வழக்காடியவர்கள். வெங்கடராம ஐயர் சட்டத்தின் நோக்கத்தையும் வரலாற்றையும் கொண்டு அதன் சொற்களை வாசித்தார். வெற்றி கணிசமான அளவில் திறமையைச் சாராத போட்டிகளையே அது குறிக்கிறது. அப்படி வாசிக்காவிட்டாலும் இரண்டு வகைகளையும் தனித்தனியே பிரித்துவிடலாம் என்றார். சட்டம் பிழைத்தது. திறமைப் போட்டிக்கும் அரசியல் சட்டத்தின் நிழல் கிடைத்தது.

அன்றிலிருந்து போட்டி விதிகளை எழுதுவது வழக்கறிஞரின் வேலையாயிற்று. பரிசு, அதிர்ஷ்டம், அதற்காகக் கொடுக்கும் பணம் ஆகிய மூன்றும் கூடினால்தான் லாட்டரி. எனவே ஒன்றைக் கழற்றிவிட வேண்டும். அமெரிக்க விளம்பரங்கள் மூன்றாவதைக் கழற்றின. பொருள் எதுவும் வாங்காமலே கலந்துகொள்ளலாம் என்று அறிவித்தன. இங்கே நடுவிலுள்ளதைக் கழற்றும் உத்தி பரவலானது. ‘இந்த சோப்பை நான் விரும்புவது ஏனென்றால்...’ என்று தொடங்கிப் பத்துச் சொற்களுக்குள் முடிக்கச் சொன்னதெல்லாம் நம் வாசக வளம் குறித்த அக்கறையால் அல்ல. அந்த ஒற்றை வரி, போட்டிக்குத் திறமை என்ற போர்வையைத் தந்தது.

தமிழ்நாட்டில் வாசல் இன்னும் குறுகலானது. 1979-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு பரிசுத் திட்டங்கள் தடைச் சட்டம், பொருள் வாங்கியவர்களிடையே குலுக்கல் போன்ற முறைகளில் பரிசு தருவதைத் தடுத்தது. நாடு தழுவிய விளம்பரங்களின் ஓரத்தில் ‘தமிழ்நாட்டில் இச்சலுகை செல்லாது’ என்ற வரியைப் பார்த்து, நம்மீது மட்டும் ஏன் இந்த ஓரவஞ்சனை என்று வியந்தவர்கள் உண்டு. அந்த வரியின் பிறப்பிடம் இந்தச் சட்டம். 1968-இல் அரசே பரிசுச்சீட்டு விற்கத் தொடங்கிய மாநிலம் இது என்பதையும், 2003-இல்தான் இங்கே லாட்டரி தடைசெய்யப்பட்டது என்பதையும் சேர்த்துப் பார்த்தால் யாக்ஞவல்கியரும் மனுவும் மாறிமாறி ஆட்சி செய்ததுபோல் இருக்கிறது.

திறமையா, அதிர்ஷ்டமா என்ற 1957-இன் அளவுகோல் இணையச் சீட்டாட்டம் வரை தாக்குப்பிடித்தது. 2025-இல் நாடாளுமன்றம் இயற்றிய இணைய விளையாட்டுச் சட்டம், பணம் கட்டி ஆடும் ஆட்டத்தை வரையறுக்கும்போது, அது திறமையைச் சார்ந்ததா அதிர்ஷ்டத்தைச் சார்ந்ததா என்று பார்க்க வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டது.

ஆசிரியரின் இறுதி முடிவுக்கும் வேறொரு பக்கத்திலிருந்து ஒரு கடிவாளம் வந்தது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2002-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, பரிசுத் திட்டத்தின் முடிவைக் கலந்துகொண்டவர்களுக்குச் சொல்லாமல் மறைப்பது முறையற்ற வணிக நடைமுறை. 2019-ஆம் ஆண்டின் புதிய சட்டமும் இதைத் தக்கவைத்துக்கொண்டது. விளம்பரம் எந்தச் செய்தித்தாளில் வந்ததோ, அதே செய்தித்தாளில், கண்ணில் படும்படி, நியாயமான காலத்துக்குள் முடிவையும் வெளியிட்டால் தகவல் சொன்னதாகக் கொள்ளப்படும்.