மேலடுக்கு மண்டலம்

மண்டலம் என்னும் வடசொல் முதலில் வட்டத்தைக் குறித்து, பின்னர்த் தொண்டை மண்டலம், சோழ மண்டலம் என்றாற்போல நிலப்பரப்பையும் குறிக்கலாயிற்று. நகர நிர்மாண சாஸ்திரத்திலோ, வீடு, வாணிகம், தொழிற்சாலை என நிலத்தின் உபயோகத்தை வகுத்துரைக்கும் பகுதியே மண்டலம். அவ்வகுப்பை அழிக்காமல், அடிப்படை வரைபடத்தின்மீது கண்ணாடித்தாளை விரித்தாற்போல, வெள்ள அபாயமோ புராதனச் சிறப்போ உடைய எல்லைக்குள் மட்டும் கூடுதல் விதிகளைச் சேர்ப்பது மேலடுக்கு மண்டலம். இருவகை விதிகளும் ஒருங்கே செல்லும். அவை முரண்படுமிடத்துப் பெரும்பாலும் கடுமையானதே நிலைபெறும். அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் நகரம் 1931-இல் தன் பழைய பகுதியைக் காக்க முற்பட்டபோது, நிலத்தின் உபயோகத்தைப் பொதுவிதிக்கும், தெருவிலிருந்து காணத்தகும் கட்டடப் புறத்தோற்றத்தின் மாற்றங்களை ஒரு தனிக் குழுவின் சம்மதத்துக்கும் உட்படுத்தியது. பொதுவிதி காணத் தவறும் இடத்தின் தனித்தன்மையைப் பேணுவதற்கு இதனினும் தக்க உபாயம் அரிது.