ஸ்கேனில் குழந்தை இன்னும் தெரியவில்லையா? கர்ப்பத்தின் வாரக் கணக்கு இதுதான்

"ஆறு வாரம் ஆச்சு. ஆனா ஸ்கேன்ல வெறும் பைதான் தெரியுது. ஒரு வாரம் கழிச்சு வாங்கன்னு சொல்லிட்டாங்க."

இதைக் கேட்டுவிட்டு வீடு திரும்பும் எவருக்கும் மனம் பதறும். அந்த ஒரு வாரம் ஏன் தேவை?

வாரங்களை எப்போதிலிருந்து எண்ணுகிறார்கள்?

கரு உருவான நாளிலிருந்து அல்ல. கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து. அதோடு 280 நாளை, அதாவது 40 வாரத்தைக் கூட்டினால் பிரசவத் தேதி கிடைக்கும்.

28 நாளுக்கு ஒருமுறை மாதவிடாய் வருவோருக்குச் சுமார் 14ஆம் நாளில் கருமுட்டை வெளியாகும். ஆக, "4 வாரக் கர்ப்பம்" என்றால் கருவுக்கு வயது ஏறக்குறைய 2 வாரம்தான்!

உங்களுக்கு 35 நாளுக்கு ஒருமுறைதான் வருமா? அப்படியென்றால் கருமுட்டை ஒரு வாரம் பிந்தி வெளியாகியிருக்கலாம். கைப்பேசிச் செயலி 6 வாரம் என்று காட்டும். ஸ்கேனில் 5 வாரக் கர்ப்பம்தான் தெரியும்.

எப்போது என்ன தெரியும்?

பிறப்புறுப்பு வழியாகச் செய்யும் ஸ்கேனில்:

- சுமார் 5 வாரம்: கர்ப்பப்பைக்குள் திரவம் நிறைந்த சிறு பை
- சுமார் 5½ வாரம்: அதனுள் கருவுக்கு ஊட்டம் தரும் 'யோக் சேக்'
- சுமார் 6 வாரம்: கருவும் இதயத் துடிப்பும்

வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கும் ஸ்கேனில் இவை சில நாள் பிந்தியே தெரியும்.

மருத்துவர் ஏன் காத்திருக்கச் சொல்கிறார்?

கரு 7 மில்லிமீட்டர் நீளத்தை எட்டியும் துடிப்பு இல்லை, அல்லது பை 25 மில்லிமீட்டரை எட்டியும் உள்ளே கரு இல்லை என்றால் கர்ப்பம் நின்றுவிட்டதாகக் கருதப்படும். அதற்குக் குறைவான அளவில் அவசரப்பட்டு முடிவு சொல்லக் கூடாது. அதனால்தான் 7 முதல் 14 நாள் கழித்து மறு ஸ்கேன். சந்தேகம் இருந்தால் இன்னொரு மருத்துவரிடமும் கேளுங்கள், தயங்க வேண்டாம்.

மறு ஸ்கேனில் நல்ல செய்தி வரலாம், வராமலும் போகலாம். வராவிட்டால் உங்களை நீங்களே குறை சொல்லிக்கொள்ளாதீங்க. ஆரம்பக் கருச்சிதைவுக்குப் பல நேரங்களில் குரோமோசோம் கோளாறே காரணம்; நீங்கள் வேலைக்குப் போனதோ படி ஏறியதோ அல்ல.

பிரசவத் தேதி மாறினால்?

முதல் 3 மாதத்தில் கருவின் நீளத்தை வைத்துக் கணிக்கும் தேதியே ஆக நம்பகமானது. 9 முதல் 13 வாரத்துக்குள் எடுக்கும் ஸ்கேன், உங்கள் கணக்கிலிருந்து 7 நாளுக்குமேல் வேறுபட்டால் பொதுவாகத் தேதியை மாற்றுவார்கள். குழந்தை வளரவில்லை என்று அதற்கு அர்த்தமில்லை.

எப்போது காத்திருக்கக் கூடாது?

அடிவயிற்றில் கடும் வலி, தோள் நுனியில் வலி, மயக்கம், அதிக ரத்தப்போக்கு. கர்ப்பப்பைக்கு வெளியே கரு வளர்வதன் அறிகுறியாக இவை இருக்கலாம். அடுத்த ஸ்கேன் வரை பொறுக்க வேண்டாம். உடனே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போங்க. சிங்கப்பூரில் 995ஐ அழைக்கலாம்.