கொள்ளைநோயும் கிறிஸ்துமஸ் பந்தியும்

ஊர்கள் பல கோயிலைச் சுற்றியும், சில கோட்டையைச் சுற்றியும், வேறு சில ஆற்றுத்துறையை அண்டியும் தோன்றியிருக்க, கோலார் தங்கவயலைச் சேர்ந்த ராபர்ட்சன்பேட்டையோ நெரிசலுக்கும் நோய்க்கும் அஞ்சிய ஓர் அரசாங்கம் அளவுநூல் பிடித்து அமைத்த ஊராகும். 1880ஆம் ஆண்டு முதல் ஜான் டெய்லர் கம்பெனியார் அந்தப் பொட்டல் பூமியைத் தோண்டத் தொடங்கிய பின், வடாற்காடு, சித்தூர், சேலம் முதலிய பகுதிகளிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்திறங்கிய தமிழ்த் தொழிலாளர்கள், மூங்கில் தட்டிகளைச் சுவராக நிறுத்தி எழுப்பிய குடிசைகளில் ஒருவர் மூச்சு மற்றொருவர் மேல் படும்படி வாழ்ந்தனர். 1891இல் ஏழாயிரத்தைச் சற்றே தாண்டியிருந்த ஜனத்தொகை 1901இல் முப்பத்தெட்டாயிரத்தைக் கடந்துவிட்டது. இதற்கிடையே 1894இல் பௌரிங்பேட்டையிலிருந்து (இன்றைய பங்காருப்பேட்டை) ரயில் பாதையும் வந்து சேர்ந்தது. 1896இல் பம்பாயில் தோன்றிய பிளேக் மகாமாரி 1898 ஆகஸ்டில் பெங்களூரை எட்டியபொழுது, ரயில் வழியே அது எங்கும் போகும் என்பதை அதிகாரிகள் அறிந்தே இருந்தனர். பெங்களூரில் பசவனகுடியும் மல்லேசுவரமும் அகன்ற வீதிகளோடு அமைக்கப்பட்டதற்கு எந்த எண்ணம் காரணமோ, அதே எண்ணத்தின் பிள்ளைதான், அக்காலத்தில் மைசூர் சமஸ்தானத்தில் பிரிட்டிஷ் பிரதிநிதியாக (ரெசிடெண்டாக) இருந்த டொனால்டு ராபர்ட்சன் துரையின் பெயரைத் தாங்கிய இந்தப் பேட்டையும். ஆகவே நோய்த்தடுப்பு என்பது இவ்வூருக்கு இடையில் வந்து சேர்ந்த விருந்தாளி அன்று. ஊர் பிறக்கும்போதே கூடப் பிறந்தது.

பிளேக் காலத்துச் சட்டங்களின் குணத்தை இங்கே சிறிது நினைவுகூர்தல் வேண்டும், ஏனெனில் நூற்றிருபது ஆண்டுகளுக்குப் பின் நாம் கண்ட கட்டுப்பாடுகளின் வேர் அங்கேதான் இருக்கிறது. 1897 பிப்ரவரி 4ஆம் தேதி பிரிட்டிஷ் இந்தியாவில் நிறைவேறிய தொற்றுநோய்ச் சட்டம் சில பிரிவுகளே கொண்ட சிறிய சட்டம். ஆனால் அது தந்த அதிகாரமோ எல்லையற்றது. பூனாவில் சிப்பாய்கள் வீடு வீடாகப் புகுந்து, அடுப்பங்கரையையும் பூஜையறையையும் கிளறி, நோயாளியென்று சந்தேகிக்கப்பட்டவரை முகாமுக்கு இழுத்துச் சென்றதன் விளைவாக, 1897 ஜூன் 22 இரவு பிளேக் அதிகாரி ராண்ட் சுடப்பட்டதைச் சரித்திரம் படித்தவர் அறிவர். அதைவிட முக்கியமாக, ஆனால் அவ்வளவாகப் பேசப்படாமல் நிகழ்ந்தது ஒன்று உண்டு: வீட்டுக்குள் சர்க்கார் நுழைகிறது என்று தெரிந்தவுடன் ஜனங்கள் நோயாளிகளை மறைத்தார்கள், இறந்தவர்களையும் மறைத்தார்கள், மறைத்த இடத்திலிருந்து நோய் மேலும் பரவிற்று. சமஸ்தானமான மைசூரிலும் ரயில் நிலையங்களில் பிரயாணிகளை நிறுத்திச் சோதிப்பதும், ஊருக்கு வெளியே கொட்டகை போட்டுப் பிரித்து வைப்பதும் நடந்தன. இந்த அனுபவத்திலிருந்து ஆட்சியாளர் கற்றது, சட்டம் தெருவிலும் ரயிலடியிலும் சந்தையிலும் கடுமையாக இருக்கலாம், வாசற்படியைத் தாண்டும்போது மட்டும் தயங்க வேண்டும் என்பதே. இதில் விவேகமும் உண்டு, பயமும் உண்டு. எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம்.

இனித் தங்கவயலின் கிறிஸ்துமஸைப் பார்ப்போம். இங்கே வேலை செய்த துரைமார்களில் கார்ன்வாலிலிருந்து வந்த சுரங்க நிபுணர்களும் இத்தாலியரும் இருந்தனர். அவர்களுக்கு அடுத்த படியில் ஆங்கிலோ-இந்தியர். அவர்களுக்கும் கீழே, சொல்லப்போனால் பூமிக்கே கீழே, ஆயிரக்கணக்கான அடி ஆழத்தில், பாறையின் வெப்பத்தில் வெந்த தமிழர். மேலே இருந்தவர்களுக்குக் கிளப் இருந்தது, நடன மண்டபம் இருந்தது, பச்சைப் புல்வெளி இருந்தது; 'குட்டி இங்கிலாந்து' என்று பெயரும் இருந்தது. கீழே இருந்தவர்களுக்கு லைன் வீடு இருந்தது. கிளப்பின் விருந்து அழைப்பிதழ் பெற்றவர்க்கு மட்டும் உரியது. லைன் வீட்டின் விருந்துக்கோ அழைப்பிதழ் என்ற ஒன்றே கிடையாது. சாம்பியன் ரீஃபில் வெற்றி மாதா ஆலயத்தில் நள்ளிரவுப் பூசை முடித்துத் திரும்பும் குடும்பமும், பக்கத்து வீட்டு மாரியம்மன் பக்தரும், அயோத்திதாசப் பண்டிதரின் வழிநின்று பௌத்தம் தழுவிய மாரிக்குப்பத்துக் குடும்பமும் ஒரே வரிசையில், ஒரே சுவரைப் பொதுவாகக் கொண்டு வாழ்ந்தபோது, இவன் வீட்டுப் பண்டிகை அவன் வீட்டுக்கும் உரியதாவது தவிர்க்க இயலாதது.

டிசம்பர் மாதம் பிறந்ததும் தொடங்கும் வேலை அது. மாவைப் பிசைந்து சீப்பின் முதுகில் உருட்டிச் சுருட்டிய கல்கல், அச்சைக் காய்ந்த எண்ணெயில் முக்கி எடுத்த ரோஸ் குக்கீஸ் (நம்மவர் சொல்லும் அச்சுமுறுக்கு), அதிரசம், முறுக்கு என்று தகர டப்பாக்கள் நிரம்பும். வீட்டில் சூளையடுப்பு இல்லாதவர்கள் கேக்குக்கு மட்டும் கலவையைத் தாங்களே கலந்து, தட்டில் ஊற்றி, பேக்கரிக்காரரிடம் கொடுத்துச் சுட்டு வாங்கிக்கொள்வது ஆங்கிலோ-இந்தியரிடமிருந்து தமிழர் கற்ற பழக்கம். அந்த நாட்களில் பேக்கரியின் அடுப்பு ஊரின் பொது அடுப்பாகிவிடும். இவை தயாரானபின், துணி போட்டு மூடிய பலகாரத் தட்டுகள் வீடு வீடாகப் புறப்படும். வந்த தட்டை வெறுமையாகத் திருப்புவது மரியாதையன்று என்பதால், தீபாவளிக்கு வந்த தட்டுக்குக் கிறிஸ்துமஸிலும், கிறிஸ்துமஸுக்குச் சென்ற தட்டுக்குப் பொங்கலிலும் பதில் உண்டு. இரவில் பாடகர் குழு லைன் லைனாகப் பாடிச் செல்லும். நின்று பாடிய வாசலில் காப்பியும் பலகாரமும் தராமல் அனுப்பிய வீட்டின் பெயர் அடுத்த ஆண்டு வரை நினைவில் இருக்கும். மறுநாள் மத்தியானம் பிரியாணி. பத்தடிக்குப் பத்தடி அறையில் இருபது பேர் வரிசை மாற்றி வரிசை உட்கார்ந்து உண்பது அங்கே அதிசயமே அன்று. தொற்றுநோய் நிபுணர் ஒருவர் நோய் பரவுவதற்கு ஏற்ற சூழ்நிலையை வேண்டுமென்றே அமைத்துக் காட்ட விரும்பினாலும் இதைக் காட்டிலும் செம்மையாக அமைத்திருக்க முடியாது.

1918இன் விஷக்காய்ச்சல் இந்தச் சம்பிரதாயத்தின் மேல் விழுந்த முதல் பெரிய நிழல். ஜூனில் பம்பாயில் இறங்கிய அந்த வியாதி செப்டம்பர், அக்டோபரில் மைசூர் சமஸ்தானமெங்கும் உயிர்களை வாரிக்கொண்டு போயிற்று. ஆனால் டிசம்பருக்குள் அதன் உக்கிரம் தணிந்துவிட்டது, நவம்பர் 11இல் மகாயுத்தமும் முடிந்துவிட்டது. ஆதலால் பந்தியா, நோயா என்ற கேள்வியை அந்த ஆண்டின் பண்டிகை இவ்வூர் மக்களிடம் கூர்மையாகக் கேட்கவில்லை. அக்கேள்வி நூற்றிரண்டு ஆண்டுகள் காத்திருந்தது.

அதற்குள் ஊர் மாறிவிட்டது. 1956இல் சர்க்கார் உடைமையான சுரங்கங்கள், பின்னர் பாரத் கோல்டு மைன்ஸ் என்ற பெயரோடு நடந்து, 2001 பிப்ரவரி 28ஆம் தேதி மூடப்பட்டன. சங்கு நின்றது, சம்பளம் நின்றது. அப்பன் பூமிக்குள் இறங்கிய வீட்டில் பிள்ளை விடியற்காலையில் எழுந்து மாரிக்குப்பம் ரயிலேறி, ஊரிகம், கோரமண்டல், பங்காருப்பேட்டை கடந்து, சுமார் நூறு கிலோமீட்டர் போய்ப் பெங்களூரில் வேலை செய்துவிட்டு இரவில் திரும்பினான். திரும்ப இயலாதவன் அங்கேயே குடியேறினான். மற்றும் சிலர் வளைகுடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போனார்கள். சிதறியவர்களை ஒரே கூரையின் கீழ்க் கொண்டுவரும் நாளாகக் கிறிஸ்துமஸ் ஆயிற்று. சுரங்கம் இருந்தவரை அது மகிழ்ச்சிக்குரிய நாள். மூடியபின் குடும்பத்துக்கு ஆஜர் கொடுக்கும் நாள். ராபர்ட்சன்பேட்டையின் கடைவீதியும் இதற்கேற்ப வளைந்துகொண்டது. எம்.ஜி. மார்க்கெட்டைச் சுற்றியுள்ள பேக்கரிகளும், பிரியாணிக் கடைகளும், நாற்காலியும் பாத்திரமும் வாடகைக்கு விடுவோரும், வெளியூரிலிருந்து வந்து வீட்டில் இடம் போதாதவர் தங்கும் விடுதிகளும், டிசம்பரின் கடைசிப் பதினைந்து நாள் வரவை நம்பியே ஆண்டின் மற்ற நாட்களை ஓட்டின. குடும்ப விருந்து என்பதும் ஹோட்டல் வியாபாரம் என்பதும் இவ்வூரில் இரண்டு வேறு காரியங்கள் அல்ல. ஒரே காரியத்தின் முன்வாசலும் பின்வாசலுமே.

2020 மார்ச்சில் கொரோனா நோய்க்காக நாடடங்கு வந்தபோது ரயில் நின்றது. அதோடு தங்கவயலின் கூலியும் நின்றது. தொடக்கத்தில் கோலார் ஜில்லா நோயற்ற பச்சை மண்டலமாக இருந்தது என்பது பெருமைக்குரியதுதான், ஆனால் பெருமையை உலையில் போட முடியாது. மே மாதத்தில் கர்நாடக அரசாங்கம் அறிவித்த நிவாரணத்தில் நாவிதர், சலவைத் தொழிலாளர், ஆட்டோ மற்றும் டாக்சி ஓட்டுநர் ஆகியோருக்கு ஐயாயிரம் ரூபாய் கிடைத்தது. ஹோட்டலில் இலை எடுப்பவனும் பேக்கரியில் மாவு பிசைபவனும் அந்த ஜாபிதாவில் இல்லை. அப்படிப் பசித்திருந்த கடைவீதிக்கு டிசம்பர் வந்தது. கை குலுக்குவதும் தழுவுவதும் கூடாதென்றும், டிசம்பர் 30 முதல் ஜனவரி 2 வரை கிளப்புகளிலும் உணவகங்களிலும் விசேஷக் கொண்டாட்டங்கள் ஆகாவென்றும் உத்தரவாயிற்று. பிறகு 23ஆம் தேதி முதலமைச்சர் எடியூரப்பா இரவு பத்து மணி முதல் காலை ஆறு வரை ஊரடங்கு என்றார். அது பதினொன்று முதல் ஐந்து என்று மாறிற்று. நள்ளிரவுப் பூசைக்கு விலக்கு என்று சேர்ந்தது. 24ஆம் தேதி, அமலுக்கு வரச் சில மணி நேரமே இருக்கையில், முழுவதுமாக வாபஸ் ஆயிற்று. ஒரு நாளுக்குள் நான்கு விதமாகப் பேசிய உத்தரவை நம்பி எந்தப் பேக்கரிக்காரர் எத்தனை முட்டை வாங்குவது?

நோயை வைத்துப் பார்த்தால், முன்பக்கம் திறந்து காற்றோட்டமாக இருக்கும் பிரியாணிக் கடையைவிட, பத்தடி அறையில் பாட்டியைச் சுற்றி அமர்ந்த குடும்பமே அபாயமானது. ஆனால் சட்டம் கண்டது பெயர்ப்பலகையும் லைசென்சும் உடைய கடையைத்தான். இதை அறியாமை என்று தள்ள நாம் விரும்பவில்லை. வீட்டுக்குள் நுழைந்த சட்டம் பூனாவில் என்ன செய்தது என்பதை முன்பே கண்டோம். வாசற்படியில் நின்றது பிழையன்று. குடும்பத்தின் கூடுகையைக் காப்பாற்றுவதற்காக நின்றதாகிய அந்தத் தயவின் விலையை, ஒரு நஷ்டஈடும் இல்லாமல், பந்திக்குச் சோறு ஆக்கிப்போடும் ஏழை வியாபாரியின் கணக்கில் எழுதியதே பிழை.

குடும்பக் கூடுகை, உணவக வியாபாரம் ஆகிய இரண்டையும் பகிரங்கமாக எடைபோட்டுப் பார்த்த தேசமும் உண்டு. அயர்லாந்தில் 2020 டிசம்பரில், குடும்பங்கள் கூடுவதை அனுமதிப்பதானால் உணவகங்களை மூடியே வையுங்கள் என்று மருத்துவ ஆலோசகர்கள் கூறினர். அரசாங்கமோ 4ஆம் தேதி உணவகங்களைத் திறந்தது, 18ஆம் தேதி முதல் மூன்று குடும்பங்கள் கலக்கவும் விட்டது, 24ஆம் தேதி மாலை மூன்று மணிக்கு உணவகங்களை மறுபடி மூடிற்று. புதிதாக உருமாறிய கிருமியும் சேர்ந்துகொள்ள, ஜனவரி நடுவில் ஜனத்தொகை விகிதப்படி உலகிலேயே அதிகத் தொற்றுள்ள நாடாக அது நின்றது. தங்கவயலில் 1870களில் முதன்முதல் சுரங்க உரிமை பெற்ற மைக்கேல் லாவெல் ஐரிஷ்காரர் என்பதால், இவ்விரண்டு இடங்களையும் ஒருசேர நினைப்பது அவ்வளவு வலிந்த காரியமன்று.

நமக்குத் தண்டனை தாமதித்து வந்தது. 2021 ஏப்ரல், மே மாதங்களில் இரண்டாம் அலை எழுந்தபோது, சுரங்கத்தோடு மூடப்பட்டுத் தூசியடைந்து கிடந்த பழைய கம்பெனி ஆஸ்பத்திரியைத் தன்னார்வத் தொண்டர்கள் கழுவித் துடைத்து மறுபடி படுக்கை போட்டார்கள்; ஒரு காலத்தில் நெஞ்சில் பாறைத்தூசி ஏறியவர் இருமிக் கிடந்த கூடங்களில் அவர்கள் சந்ததியார் மூச்சுக்குத் தவித்தனர். அந்த ஆண்டு டிசம்பர் 2ஆம் தேதி, இந்தியாவின் முதல் ஒமைக்ரான் நோயாளிகள் கர்நாடகத்திலேயே கண்டறியப்பட்டனர். எனினும் இம்முறை அரசாங்கம் முந்தைய ஆண்டின் தடுமாற்றத்தை நினைவில் வைத்திருந்தது போலும்: கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள், 26ஆம் தேதிதான், இரவு ஊரடங்கு அறிவிக்கப்பட்டது, 28 முதல் அமல், ஹோட்டல்களில் பாதி இருக்கைகளுக்கே அனுமதி. பூசை நடந்தது, தட்டுகள் போயின, பாட்டிமார் பேரன் முகம் கண்டனர். வந்த பேரன்மார் ரயிலேறிப் போனபின், புத்தாண்டு இரவை நம்பியிருந்த கடைகளின் மேல் கதவு இறங்கிற்று. 2022 ஜனவரி 31இல் ஊரடங்கு நீங்கி, ஹோட்டல்களில் எல்லா இருக்கைகளும் திரும்பக் கிடைத்தன. பிரியாணிக் கடைக்காரர் அண்டாவை முழு அளவுக்கு ஏற்றி ஒரு மாதமே ஆன நிலையில், மார்ச் 2ஆம் தேதி சாம்பல் புதன் வந்து தபசு காலம் பிறந்துவிட, அவருடைய நல்ல வாடிக்கைக்காரர்களில் பாதிப் பேர் நாற்பது நாளைக்குக் கவிச்சி தொடுவதில்லை என்று பிரார்த்தனை பண்ணிக்கொண்டார்கள்.