சுரங்கம் இல்லாத ஊரின் தெர்மல்

தூத்துக்குடி அனல் மின் நிலையத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கொதிகலனிலிருந்து தொடங்குவார்கள். அடிக்கல், மெகாவாட், விருது என்று வரிசையாகப் போகும். ஊர் வாய்க்கு 'தெர்மல்' ஆகிவிட்ட இந்த நிலையத்தின் கதையைக் கப்பலிலிருந்து தொடங்குவதுதான் நியாயம் என்பது என் கட்சி. நெய்வேலிக்குக் காலடியிலேயே பழுப்பு நிலக்கரி இருக்கிறது. நம் மாவட்டத்தில் எங்கே தோண்டினாலும் ஒரு கூடை கரி தேறாது. இந்தக் கரைக்குக் கிடைத்தவை முத்தும் சங்கும் உப்பும்தான்.

பிறகு ஏன் இங்கே கட்டினார்கள்? துறைமுகத்துக்காக. பழைய துறையில் ஆழம் போதாது. கப்பல்கள் கரைக்குச் சில மைல் தள்ளியே நங்கூரமிடும். தோணிகள் போய்ச் சரக்கை இறக்கி வரும். வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல்களும் அந்தக் காலத்தவைதான். ஒருநாளைக்கு ஆயிரக்கணக்கான டன் கரியைத் தோணியில் ஏற்றி இறக்கி மின்சாரம் எடுக்க முடியாது. வடக்கிலும் தெற்கிலும் ஏறக்குறைய நான்கு கிலோமீட்டர் நீளத்துக்குக் கல்லைக் கொட்டிக் கடலைத் தடுத்துப் புதிய துறைமுகம் எழுந்தது. 1974 ஜூலை 11-ல் அது பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. சரியாக ஐந்தாண்டில், 1979 ஜூலையில், தெர்மலின் முதல் அலகு ஓடத் தொடங்கியது.

அதற்குள் முத்துக் குளிப்பு ஓய்ந்துவிட்டது. தோலாயிரம் பார் முதலான முத்துப்படுகைகளில் 1955 முதல் 1961 வரை நடந்ததுதான் கடைசி வரிசை. அதன்பின் சிப்பி கூடி வரவில்லை. 1973-ல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த கே. அழகர்சாமி இதே ஊரில் வளர்ப்பு முத்தை எடுத்துக் காட்டினார். முத்து ஆய்வகத்துக்குள் போன அந்தப் பத்தாண்டில்தான் துறைமுகத்துக்குள் கரி வந்தது. இரண்டையும் சேர்த்துச் சொல்லும் ஊர் வரலாறு ஒன்றும் என் கண்ணில் படவில்லை.

இரண்டாவது அலகு 1980-லும் மூன்றாவது 1982-லும் வந்தன. பிறகு ஒன்பது ஆண்டு இடைவெளி. ஐந்தாவது அலகு 1991-ல் ஓடத் தொடங்கியது, நான்காவது 1992-ல். தம்பி அண்ணனை முந்திக்கொண்டதைப் பழைய ஆட்கள் இன்றும் சிரித்துக்கொண்டு சொல்வார்கள். அலகுக்கு 210 வீதம் மொத்தம் 1,050 மெகாவாட்.

இனி கணக்கு. ஐந்து அலகுகளும் ஒருநாள் முழு வீச்சில் ஓடினால் 2 கோடியே 52 லட்சம் யூனிட். யூனிட்டுக்கு ஏறக்குறைய 700 கிராம் கரி என்று வைத்தாலும் பதினேழாயிரம் டன்னுக்கு மேல் வேண்டும். பூம்புகார் கப்பல் கழகத்தின் 'தமிழ் அண்ணா', 'தமிழ் பெரியார்', 'தமிழ் காமராஜ்' ஒவ்வொன்றும் நாற்பதாயிரம் டன்னை ஒட்டிய கப்பலாக இருந்தது. அப்படி ஒரு கப்பல் முழுதாக வந்து இறங்கினாலும் இரண்டேகால் நாள் தாங்கும். அவ்வளவுதான்.

அந்தக் கப்பல் வரும் வழியைப் பாருங்கள். ஒடிசாவின் தால்ச்சர் சுரங்கத்தில் வெட்டிய கரி ரயிலில் பாரதீப்புக்கு வரும். அங்கே கப்பலேறி வங்கக் கடலில் தெற்கே இறங்கும். பாக் நீரிணையிலும் சேது மணல்திட்டிலும் ஆழம் இல்லை. ஆகவே இலங்கைத் தீவை முழுக்கச் சுற்றி, கிழக்கே போய்த் தெற்கே திரும்பி, மன்னார் வளைகுடாவுக்குள் நுழைய வேண்டும். 2005 ஜூலையில் தொடங்கிவைக்கப்பட்ட சேது சமுத்திரத் திட்டம் பாதியில் நின்றதால் இன்றும் அதே சுற்றுவழிதான். வங்கக் கடலில் புயல் சின்னம் என்று வானொலி சொன்னால், மீனவர் வீட்டுக்கு அடுத்தபடி கவலைப்படுகிற இடம் நம் கரித்தளம்.

ஜெட்டியில் இறங்கிய கரி கன்வேயரில் ஏறித் தளத்துக்கு வரும். அங்கிருந்து ஆலைக்குள் போய் முகப்பவுடர் போல அரைபட்டுக் கொதிகலனில் எரியும். நீராவி 540 பாகை வெப்பத்தில் டர்பைனை நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றவைக்கும். இவை எல்லாப் பாடநூலிலும் உண்டு. பாடநூலில் இல்லாதது ஐப்பசி, கார்த்திகை மழை. நனைந்த கரி சரிவுக் குழாயில் களிமண்ணாக அப்பிக்கொள்ளும். கன்வேயர் ஓடும், கரி இறங்காது. கம்பியும் சம்மட்டியுமாக ஆட்கள் நின்று தட்டிக் குத்தி இறக்குவார்கள். அவர்களில் பலர் ஒப்பந்தத் தொழிலாளர்கள். விழா மலர்களில் அவர்கள் படம் வருவதில்லை. இந்த மலரிலாவது வர வேண்டும்.

இந்தியக் கரியில் நூற்றுக்கு நாற்பது பங்குவரை சாம்பல். அதைக் குறைக்கவும் பற்றாக்குறையைச் சமாளிக்கவும் இந்தோனேசியக் கரி வந்தது. அதில் சாம்பல் குறைவு, ஈரம் அதிகம். 2022 ஜனவரியில் தன் நாட்டு மின் நிலையங்களுக்கே கரி போதவில்லை என்று இந்தோனேசியா ஏற்றுமதியைத் தடை செய்தது. ஜாவாவில் விளக்கு அணையக் கூடாது என்பதற்காக இந்தியத் துறைமுகங்கள் கப்பலுக்குக் காத்திருக்க நேர்ந்தது. கடல்வழி வாங்கி எரிப்பதில் இந்த வில்லங்கமும் சேர்ந்தே வருகிறது.

கரி தவிர மற்றதை இந்தக் கரையே கொடுத்திருக்கிறது. குளிர்விக்கக் கடல்நீர், தொழிற்சாலைகளின் நன்னீருக்குத் தாமிரபரணியின் ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு. நாளொன்றுக்கு 2 கோடி கேலன் எடுக்கும் அந்தத் திட்டத்தின் மேல் வடகாலிலும் தென்காலிலும் பயிர் செய்வோருக்கு நெடுநாள் மனக்குறை உண்டு. அது நியாயமான குறை. சாம்பல் குளத்தை ஒட்டிய கடலில் வலை வீசுவோருக்கும் சொல்ல நிறைய இருக்கிறது. புகழ் பாடுவதற்கென்றே போடும் மலர் என்றாலும் இவற்றை விட்டுவிட்டால் கட்டுரை அரைகுறை.

பக்கத்திலேயே 2015-ல் இரண்டு 500 மெகாவாட் அலகுகளோடு என்.டி.பி.எல். வந்தது. நெய்வேலி நிறுவனமும் மாநில மின் கழகமும் சேர்ந்து நடத்துவது. பழுப்பு நிலக்கரிக்காரர்களே இங்கே வந்து கப்பல் கரியை நம்ப வேண்டியதாயிற்று. நாப்தாவில் யூரியா செய்துவந்த ஸ்பிக், ராமநாதபுரத்திலிருந்து 143 கிலோமீட்டர் குழாய்வழி வரும் எரிவாயுவுக்கு 2021-ல் மாறியது. காற்றாலையிலும் நாம் பழைய ஆட்கள்: நாட்டின் முதல் காற்றாலைப் பண்ணைகள் 1986-ல் அமைந்த ஊர்களில் தூத்துக்குடியும் ஒன்று. கச்சான் அடிக்கும் மாதங்களில் காற்று மின்சாரம் பெருகி, தெர்மல் அலகுகளைக் குறைத்து ஓட்டச் சொல்லி உத்தரவு வரும் காலம் இது.

முதல் மூன்று அலகுகளும் நாற்பது வயதைத் தாண்டிவிட்டன. இருபத்தைந்து ஆண்டுக்கென்று கட்டியவை. 2025 மார்ச்சில் முதல் இரண்டு அலகுகளின் கேபிள் பகுதியில் பிடித்த தீயை அணைக்கத் தீயணைப்புப் படையினர் வெகுநேரம் போராடினார்கள். இனி அவற்றைச் செப்பனிட்டு ஓட்டுவது வீண்செலவு என்பதே என் எண்ணம். மூன்று அலகுகளும் சேர்ந்து தரக்கூடிய 630 மெகாவாட்டைவிட உடன்குடி அனல் மின் நிலையத்தின் ஓர் அலகே, 660, அதிகம் தரும். அங்கே துறைமுகம் கிடையாது. அதனால் கல்லாமொழிக் கரையிலிருந்து கடலுக்குள் ஏறக்குறைய எட்டு கிலோமீட்டருக்குப் பாலம் போட்டு, அதன் முனையில் கரிக் கப்பலுக்கு ஜெட்டி கட்டியிருக்கிறார்கள்.