சோதனைக் குழாயைத் தொடும் உரிமை

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிப் பக்கம் போகிறவர்கள் சீமைக்கருவேலங் காடுகளுக்கு நடுவே புகைந்துகொண்டிருக்கும் கரிமூட்டங்களைப் பார்த்திருப்பீர்கள். விறகை அடுக்கி, இலைதழை பரப்பி, மேலே மண்ணைப் போட்டு மூடித் தீ வைப்பார்கள். காற்று அளவாகப் போனால் கரி. கூடுதலாகப் போனால் சாம்பல். புகையின் நிறத்தைப் பார்த்தே எந்தத் துளையை அடைப்பது, எதைத் திறப்பது என்று மூட்டம் போடுகிறவருக்குத் தெரியும். பாடப்புத்தகம் இதற்குச் 'சிதைத்து வடித்தல்' என்று பெயர் வைத்திருக்கிறது.

அந்தப் பாடம் நடக்கும்போது மூட்டம் போடுகிறவரின் பிள்ளை வகுப்பில் எங்கே உட்கார்ந்திருக்கிறது? அதன் கையில் சோதனைக் குழாய் இருக்கிறதா? நான் கேட்க விரும்புவது இதைத்தான்.

எண்பதுகளில் நான் படித்த பள்ளியில் ஐந்து பேருக்கு ஒரு பியூரெட். எங்கள் தெருப் பையன்கள் அளவைக் குறித்துக்கொள்வார்கள், மற்றவர்கள் சோதனை செய்வார்கள். "உடைத்துவிட்டால் உங்களால் காசு கட்ட முடியுமா?" என்பார்கள். வகுப்பு முடிந்ததும் கண்ணாடிச் சாமான்களைக் கழுவி வைப்பது மட்டும் எங்கள் வேலை. கழுவும்போது உடையாத குழாய், சோதனை செய்யும்போது மட்டும் எப்படி உடையும் என்று அன்றைக்குக் கேட்கத் தெரியவில்லை.

அறிவியலின் முதல் விதி தொட்டுப் பார், செய்து பார் என்பது. சாதியின் முதல் விதி தொடாதே என்பது. இரண்டும் ஒரே வகுப்பறையில் இருக்க முடியாது. நம் கல்வி வரலாறோ இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொண்டே நடந்திருக்கிறது.

மற்ற பள்ளிகளின் கதவு மூடிக் கிடந்த காலத்தில், 1894-இல் கர்னல் ஆல்காட் சென்னையில் ஒடுக்கப்பட்டோருக்கான இலவசப் பள்ளியைத் தொடங்கினார். 1920-களில் அரசின் தொழிலாளர் துறை சேரிகளில் பள்ளிகளை நடத்தியது. இன்றைய ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளின் வேர் அங்கேதான் இருக்கிறது. பொதுப் பள்ளிக்குள் போனவர்களின் நிலை என்ன? பம்பாய் எல்பின்ஸ்டன் பள்ளியில் கணக்குப் போட மாணவர் அம்பேத்கரைக் கரும்பலகைக்கு அழைத்தார் ஆசிரியர். பலகைக்குப் பின்னால் வைத்திருந்த சாப்பாட்டு டப்பாக்கள் தீட்டுப்பட்டுவிடும் என்று மற்ற பிள்ளைகள் ஓடிப்போய் எடுத்தார்கள். அவர் போட்ட கணக்கைப் பார்க்க அங்கே யாருக்கும் நேரமில்லை.

1953-இல் ராஜாஜி அரசு அரைநாள் பள்ளி, மீதி நேரம் பெற்றோர் தொழில் என்றொரு திட்டம் கொண்டுவந்தது. குலக்கல்வி என்று தமிழகமே எதிர்த்தது. விருதுநகர்க்காரரான காமராசர் 1954-இல் முதல்வரானதும் அதைக் கைவிட்டார். 1956-இல் மதிய உணவு வந்தது. பசித்த பிள்ளைகள் பள்ளிக்கு வந்தார்கள்.

ஆனால் வந்த பிள்ளைகள் எங்கே உட்காருவது? 1957 செப்டம்பர் 10-ஆம் தேதி நடந்த அமைதிக் கூட்டத்தில் தலைவர்களோடு சமமாக உட்கார்ந்து பேசினார் இமானுவேல் சேகரன். மறுநாள் பரமக்குடியில் படுகொலை செய்யப்பட்டார். இந்த வட்டாரத்தில் இருக்கை என்பது வெறும் பலகை இல்லை.

வேதியியல் நம் பிள்ளைகளின் கைக்கு வராமல் இல்லை, வேறு வழியில் வந்தது. சிவகாசி வட்டாரத் தீப்பெட்டித் தொழிலிலும் பட்டாசுத் தொழிலிலும் கந்தகமும் குளோரேட்டும் புழங்கிய இடங்களில் ஏழைப் பிள்ளைகள் வேலை செய்தார்கள். இந்தத் தொழிலில் குழந்தை உழைப்பைப் பற்றி எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் தீர்ப்புச் சொன்னது. குளோரேட்டோடு கந்தகம் கலந்த வெடிபொருளை 1992-லேயே மத்திய அரசு தடை செய்திருந்தது. லேசான உராய்வே போதும், அந்தக் கலவை வெடித்துவிடும். பட்டாசு ஆலைக்குத் தாயை அனுப்பிவிட்டுப் பள்ளிக்கு வரும் பிள்ளைக்கு இதைச் சொல்லித் தராத வேதியியல் வகுப்பு எதற்கு?

பாதுகாப்பு என்றவுடன் எல்லோருக்கும் 2004 ஜூலை 16 நினைவுக்கு வரும். கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் கருகினார்கள். அதன்பிறகே கூரைக் கொட்டகைகளையும் குறுகிய படிக்கட்டுகளையும் பற்றி அரசு தீவிரமாகப் பேசியது. சாதியின் தீ வேறு மாதிரி எரிகிறது. 2023-இல் நாங்குநேரியில் உடன் படித்தவர்களே ஒரு தலித் மாணவரை வீடு புகுந்து வெட்டினார்கள். அதையொட்டி அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் சாதிக் கயிறு கூடாது, பள்ளிப் பெயரில் சாதி கூடாது, அகர வரிசைப்படி பிள்ளைகளை உட்கார வைக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது.

2022 நவம்பரில் வானவில் மன்றம் தொடங்கப்பட்டது. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள அரசுப் பள்ளிப் பிள்ளைகளிடம் கருத்தாளர்கள் சோதனைப் பொருட்களோடு நேரில் போகிறார்கள். நல்ல திட்டம், வரவேற்போம். ஆனால் பொருள் வந்துவிட்டால் போதாது, அதை யார் கை தொடுகிறது என்றும் பார்க்க வேண்டும்.

ஆசிரியத் தோழர்களே, உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். மணல் வாளி, முதலுதவிப் பெட்டி, காற்று வரும் ஜன்னல், பெயர் ஒட்டிய அமில பாட்டில் எல்லாம் இருக்கட்டும். தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், அமிலத்தில் தண்ணீரை ஊற்றக்கூடாது என்று முதல் நாளே சொல்லுங்கள். அதே நாளில் அகர வரிசையில் குழு பிரித்து வாராவாரம் மாற்றுங்கள். சோதனை செய்வதும் முறை வைத்து நடக்கட்டும், கழுவுவதும் முறை வைத்து நடக்கட்டும். கண்ணாடி உடைந்தால் அது பள்ளியின் செலவு, பிள்ளையின் குற்றமில்லை.

கரிமூட்டம் போடுகிற ஒருவரை ஒருநாள் வகுப்புக்கு அழைத்து வாருங்கள். சிதைத்து வடித்தலை அவர் சொல்லட்டும். அவருக்குத் தரையில் இடம் காட்டாமல் நாற்காலி போடுங்கள்.

ஜெய்பீம்.