மடுல்கெல்ல மலை முதல் வன்னிக் குளம் வரை: நம் நாட்டு நத்தைகளும் மட்டிகளும்

நத்தை என்றதும் இன்று பலருக்கும் நினைவுக்கு வருவது, மாரிமழையோடு வந்து வாழையையும் பப்பாசியையும் மரக்கறிக் கன்றுகளையும் தின்று தீர்க்கும் ஆபிரிக்க நத்தைதான். அது இந்த மண்ணுக்குரியது அல்ல. இலங்கைக்கே உரிய தரை நத்தைகள் வேறு. இத்தீவில் சுமார் 250 தரை நத்தை இனங்கள் பதிவாகியுள்ளன. அவற்றில் ஐந்தில் நான்கு பங்கு உலகில் வேறெங்கும் இல்லை. ஒன்றை அழிக்கப் போய் மற்றதையும் சேர்த்து அழித்துவிடாமல் இருக்க, இரண்டையும் வேறுபடுத்தி அறிவது அவசியம்.

மலைக்காட்டின் நத்தைகள்

கண்டி மாவட்டத்தின் மடுல்கெல்ல, நக்கிள்ஸ் மலைத்தொடரின் ஈரமான மேற்குச் சரிவில் உள்ளது. மலையைத் தாண்டிக் கிழக்கே இறங்கினால் உலர்வலயம் தொடங்கிவிடும். தரை நத்தைக்கு இந்த வேறுபாடு உயிர்ப் பிரச்சினை. அதன் உடலில் பெரும்பகுதி நீர். நிழலும் உக்கிய இலைச் சருகும் இல்லையேல் அது காய்ந்துவிடும். பறந்தோ ஓடியோ வேறு காட்டுக்குப் போகவும் அதனால் முடியாது. 19ஆம் நூற்றாண்டில் முதலில் கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்கும் இந்தச் சரிவுகளின் காடு வெட்டப்பட்டது. எஞ்சிய காட்டுத் துண்டுகளே காட்டு நத்தைகளின் புகலிடம். நக்கிள்ஸ் காடுகள் 2010இல் மத்திய மலைநாட்டின் பகுதியாக உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டன.

இலங்கை நத்தைகளில் பெயர்பெற்றவை 'அகாவஸ்' வகையினம். ஈரவலய மரங்களில் வாழும் இவற்றின் உறவுகள் மடகாஸ்கரிலும் சீஷெல்ஸிலும் உள்ளன. இந்நிலங்கள் யாவும் ஒருகாலத்தில் கோண்டுவானா என்ற ஒரே பெருநிலமாக இருந்ததற்கு இதுவும் ஒரு சான்று. இராவணனின் பெயரால் 'ராவணா' என்றே அழைக்கப்படும் ஒரு வகையினமும் இத்தீவுக்குரியது.

வந்தேறிய நத்தை

ஆபிரிக்க நத்தையின் பூர்வீகம் கிழக்கு ஆபிரிக்கா. 1847இல் வில்லியம் பென்சன் என்பவர் மொரிசியஸிலிருந்து அதைக் கல்கத்தாவுக்குக் கொண்டு வந்தார். 1900ஆம் ஆண்டளவில் அது இலங்கையை அடைந்தது. காடு அழிந்த இடம், தோட்டம், குப்பைமேடு, ஆளில்லாத வளவு ஆகியவையே அதற்கு வாய்ப்பான இடங்கள். ஓடு வளரச் சுண்ணாம்பு தேவை என்பதால் சுவரில் பூசிய சுண்ணாம்பையும் சுரண்டித் தின்னும்.

அடையாளம் காண்பது எளிது. ஆபிரிக்க நத்தையின் ஓடு கூம்பு போல நீண்டு, கபில நிறக் கோடுகளுடன் இருக்கும். 15 சென்ரிமீற்றருக்கு மேலும் வளரலாம். ஒரே தடவையில் நூற்றுக்கும் அதிகமான சிறு முட்டைகளை மண்ணில் இடும். அகாவஸின் ஓடு தட்டையாக உருண்டது. வாயின் விளிம்பு பெரும்பாலும் சிவந்தோ நிறம் பூசியது போலவோ இருக்கும். அது இடும் முட்டைகள் பெரியவை, ஆனால் சிலவே. அதனால் அழிந்த தொகையை மீட்க அதற்கு நீண்டகாலம் எடுக்கும்.

மலை நீரும் குளத்து நீரும்

மடுல்கெல்லப் பக்கத்து மலைநீர் ஹுலு கங்கை வழியே மகாவலியில் சேர்ந்து, திருகோணமலைக் கொட்டியாரக் குடாவில் கடலை அடைகின்றது. மலை ஓடைகளின் பாறைகளில் 'பலுடோமஸ்' என்ற தடித்த ஓட்டு நத்தைகள் பாசியைச் சுரண்டி உண்டு வாழ்கின்றன. அவற்றின் இனங்கள் பலவும் இலங்கைக்கே உரியவை.

1977, 1983 வன்செயல்களுக்குப் பின் மலையகத்திலிருந்து வன்னியில் குடியேறிய குடும்பங்கள் அங்கே கண்டது வேறு நீர். ஆறு மாதம் நிரம்பி ஆறு மாதம் வற்றும் குளம். அங்குள்ள பெரிய குளத்து நத்தைக்குப் பூவும் உண்டு, நுரையீரலும் உண்டு. குளம் வற்றினால் சேற்றில் புதைந்து, ஓட்டின் வாயை மூடியால் அடைத்து, மழை வரும்வரை மாதக்கணக்கில் உறங்கும். நத்தைகுத்தி நாரைக்கு அதுவே முக்கிய உணவு.

நன்னீர் மட்டிகள் நீரை வடிகட்டி உண்பதால் குளத்து நீர் தெளிவடைகின்றது. அவற்றின் குஞ்சுகள் சிலகாலம் மீனின் பூவில் ஒட்டியிருந்தே வளரும். ஆகவே மீன் இல்லாத குளத்தில் மட்டியும் நிலைக்காது. வயலில் தெளிக்கும் கிருமிநாசினி குளத்தில் கலந்தால் இரண்டுக்கும் கேடு.

என்ன செய்யலாம்?

ஆபிரிக்க நத்தையை மழைக்குப் பின் மாலையில் சேகரிக்கலாம். வெறுங்கையால் தொடக்கூடாது, எலியின் நுரையீரல் புழுவை அது காவக்கூடும். அப்புழு மனிதரில் மூளையுறை அழற்சியை உண்டாக்கும். சேகரித்தவற்றை உப்புக்கரைசல் வாளியில் போட்டுக் கொன்று, ஆழமாகப் புதைப்பது நல்லது. வளவு முழுவதும் உப்பைத் தூவினால் மண்தான் கெடும். முட்டைகளைத் தேடி அழிப்பது அதிக பலன் தரும். மரக்கறியையும் கீரையையும் நன்றாகக் கழுவிச் சமைக்க வேண்டும்.

நச்சுக் குறுணைகள் நாய்களையும் நம் நத்தைகளையும் சேர்த்தே கொல்லும். வேறு பிராணியை ஏவி விடுவதும் ஆபத்து. ஹவாயில் 1955இல் ஆபிரிக்க நத்தையை ஒழிக்க விடப்பட்ட வேட்டை நத்தை, அத்தீவுகளின் சொந்த நத்தைகளையே தின்றது.

மரத்தில் ஒட்டியிருக்கும் உருண்டை நத்தை பயிருக்கு எதிரியல்ல. அதையும் வேலியோரச் சருகையும் விட்டுவைத்தாலே போதும்.