மூன்றாம் பருவம் அநுபந்தமா? ‘பெர்சோனா 5 ராயல்’ பெற்ற விமர்சனம் குறித்து

அட்லஸ் நிறுவனம் 2016-இல் ஜப்பானில் வெளியிட்ட ‘பெர்சோனா 5’ என்ற காணொளி ஆட்டம், புதிய பகுதிகள் சேர்ந்து ‘ராயல்’ என்ற பெயரில் 2019 அக்டோபரில் அங்கும், 2020 மார்ச் இறுதியில் பிற நாடுகளிலும் வெளிவந்தபோது, அதற்குக் கிடைத்த வரவேற்பை ஆராய்ந்தோர் ஒரே அபிப்பிராயத்தைத் திரும்பத் திரும்ப எழுதியிருக்கின்றனர். மூலத்துக்கு மெட்டாகிரிட்டிக் தொகுப்பில் 93 மதிப்பெண்ணும் ராயலுக்கு 95-உம் கிடைத்திருப்பதைக் காட்டி, விமர்சகர்கள் மெச்சியது அளவின் பெருக்கத்தையே என்றும், கதையின் ஜனவரியில் தொடங்கும் மூன்றாம் பள்ளிப் பருவமாகிய புதிய பகுதி எத்துணைச் சிறப்புடையதாயினும் முடிந்துவிட்ட கதையின் வாலில் ஒட்டிய அநுபந்தமே என்றும் அவர்கள் தீர்ப்பளிக்கின்றனர். இத்தீர்ப்பின் முற்பகுதியோடு எனக்கு வழக்கில்லை. பிற்பகுதியே இங்கே பரிசீலனைக்கு உரியது.

அத்தீர்ப்புக்கு ஆதாரமாக நிற்பது மதிப்புரைகளில் அடிக்கடி தென்படும் ஒரு குறை. நூறு மணி நேரம் ஆடியவனுக்கே புதிய பகுதி திறக்கிறது. அதுவும் பள்ளியின் மனநல ஆலோசகரான தக்குதோ மருக்கியுடனான உறவை நவம்பர் 18-க்குள் ஒன்பதாம் படிக்கு உயர்த்தியவனுக்கு மட்டுமே திறக்கிறது. ஆட்டம் இந்நிபந்தனையை வெளிப்படையாக அறிவிப்பதில்லை. ஆகவே இது அமைப்பின் பிழை என்று விமர்சகர் கூற, ஆய்வாளர் அதனை அப்படியே ஏற்றுக்கொண்டனர். நிபந்தனையை நிறைவேற்றாதவனுக்கு என்ன நேர்கிறது என்ற கேள்வியை அவர்கள் போதிய அளவு எழுப்பவில்லை என்பதே என் ஆட்சேபம்.

அவனுக்கு ஆட்டம் அறுபட்டு நிற்பதில்லை. கிறிஸ்துமஸ் முன்னிரவுப் போருக்குப் பின் கதாநாயகன் சிறார் காவலில் அடைபட்டு, தோழர்களின் முயற்சியால் விடுதலையாகி, மார்ச்சில் டோக்கியோவை விட்டுப் புறப்படும் பழைய முடிவே, சாராம்சத்தில் மாற்றமின்றி, அவனுக்குக் கிடைக்கிறது. அதாவது 2016-இன் படைப்பு நீக்கப்படவுமில்லை, நீட்டப்படவுமில்லை. ஆலோசகரின் அறைக்குப் போதிய முறை போகாதவனுக்கு உரிய முடிவாக அது புதிய படைப்புக்குள்ளேயே இடம் மாறி அமர்ந்திருக்கிறது. மூலத்தில் வெற்றியாக இருந்த அதே காட்சி, ராயலில் ஒரு மனிதனைக் கேளாது விட்டதன் விளைவாகிவிடுகிறது. சேர்ப்பு என்று இதனைச் சொல்வது போதாது; மூலத்தின் மீது கூறப்பட்ட ஒரு விமர்சனம் என்றே நான் கொள்கிறேன்.

இவ்விமர்சனத்தின் பொருளும் தெளிவானதே. காமோஷிதா என்ற ஆசிரியர் முதல் ஷிதோ என்ற அரசியல்வாதி வரை, மூலத்தின் எதிரிகள் அனைவரும் வெறுக்கத்தக்கவர்கள். ஆகவே அவர்கள் அநுமதியின்றி அவர்களுடைய நெஞ்சை மாற்றுவதற்கு நமக்கு என்ன உரிமை என்ற வினா ஆடுபவன் மனத்தில் ஆழமாக எழ இடமில்லை. மூன்றாம் பருவத்தின் எதிரியான மருக்கியோ, பிறர் துன்பத்தைக் காணப் பொறாதவர். கதாநாயகனின் தோழியரான ஃபுத்தாபாவின் தாயும் ஹருவின் தந்தையும் உயிரோடிருக்கும் உலகை, அத்தோழியரைக் கேளாமலே, அவர் ஆக்கித் தருகிறார். மாயத் திருடராகிய கதாநாயகனும் தோழர்களும் தீயோர்க்குச் செய்ததை அவர் நல்லோர்க்குச் செய்கிறார், முறை வேறன்று. இவ்வொப்புமை உறைக்க வேண்டுமாயின், அவர் எதிரியாவதற்கு முன் பல மாதங்கள் நண்பராக இருந்திருக்க வேண்டும். நவம்பர் 18 என்ற எல்லை, அவர் பள்ளியை விட்டு விலகும் நாளோடு பொருந்தியிருப்பதையும் கருதினால், விமர்சகர் பிழை என்று கண்ட வாயில் கதையின் நியாயத்திலேயே வேரூன்றியது என்று கொள்ள இடமுண்டு. பிப்ரவரி 2 இரவில் அவர் நீட்டும் உலகை ஆடுபவன் ஏற்றுக்கொண்டால், ஆட்டம் தோல்வித் திரையைக் காட்டாது அனைவரும் மகிழ்ந்திருக்கும் ஒரு முடிவைத் தருவதும் இக்கருத்துக்கு அரண் செய்கிறது.

ஆடுவோர் பலர் மருக்கியை நாடுவது போரில் பயன்படும் ஆற்றல்களுக்காகவே என்று சிலர் கூறலாம். கூறட்டும், நோக்கம் எதுவாயினும் காதில் விழுந்த சொற்கள் விழுந்தவையே. இதே தொடரின் ‘பெர்சோனா 4 கோல்டன்’ 2012-இலேயே மாரி என்ற பாத்திரத்தின் உறவை நிபந்தனையாக்கி ஒரு புதிய பகுதியை மறைத்து வைத்தது, ஆகவே இது வெறும் தயாரிப்பு வழக்கம் என்னும் வாதம் சற்றுக் கனமானது. ஆயினும் மாரி காக்கப்பட வேண்டியவள். மருக்கி எதிர்க்கப்பட வேண்டியவர். வழக்கம் ஒன்றாயினும் அதன் பயன் இங்கே தலைகீழாகிவிட்டது.

ஒவ்வொரு மதிப்புரையாளரும் இதனைக் கண்டிருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்தவில்லை. வெளியீட்டு நாளுக்கு முன் நெடிய ஆட்டத்தை முடித்து எழுத வேண்டியவர்களுக்கு, முடிவுகளை ஒப்பிட்டுப் பார்க்கும் அவகாசம் அரிது. ஆனால் அவசரத்தில் பிறந்த ஒரு வகைப்பாட்டை நிதானமாக எழுதும் ஆய்வாளரும் கைக்கொள்வதற்கு அந்தச் சமாதானம் உதவாது. விரிவாக்கப் பதிப்புகளை இனி ஆராய்வோர், எத்தனை மணி நேரம் கூடிற்று என்பதற்கு முன்னர், பழைய முடிவு புதிய பதிப்பில் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது, யாருக்குக் கிடைக்கிறது என்று கேட்பார்களாயின், வரவேற்பின் வரலாறு வேறுவிதமாக எழுதப்பட நேரிடும்.